பின்னால் மூன்று எட்டு

லோகநாதன் எழுந்து நடந்த அன்று அவன் தெருவே திரண்டு வந்துவிட்டது. இரண்டு வருடம் கட்டிலோடு கிடந்த மனிதன், வாசல் கேட்டிலிருந்து வீட்டுப் படி வரைக்கும் யார் கையையும் பிடிக்காமல் வருகிறான் என்றால் சும்மாவா? அவன் அக்கா பரிமளா திருஷ்டிப் பூசணிக்காயை நடுரோட்டில் போட்டு உடைத்தாள். செல்போனில் படம் பிடிக்காத ஆள் இல்லை. எல்லாரும் வாசலில் இருந்த அந்த நேரத்தில் அவன் மனைவி மோகனப்பிரியா மட்டும் உள்ளே போனாள். பீரோ மறைவில் உட்கார்ந்து, காலில் இருந்த கொலுசு இரண்டையும் கழற்றிப் புடவைகளுக்கு அடியில் வைத்தாள்.

அந்தக் கொலுசு கல்யாணத்துக்கு அவள் அப்பா போட்டது. கல்யாணமாகி ஆறு மாதம்கூட அவள் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. கொலுசு போட்டால் அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று தெரிந்துவிடும். லோகநாதன் கோபமாக வீட்டுக்குள் வரும் நாட்களில் அது தெரியாமல் இருப்பது நல்லது. ஒன்பது வருடம் பெட்டிக்குள் கிடந்ததை, அவன் படுக்கையில் விழுந்த மூன்றாம் மாதம்தான் எடுத்து மாட்டினாள். அழுது ஓய்ந்த ஒரு காலையில், இனி சத்தம் போட்டு நடக்கலாமே என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு அன்று முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

லோகநாதன் கெட்டவன் என்று திருச்செங்கோட்டில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். போர்வெல் ரிக் வண்டியில் பதினைந்து வருடம் ஊர் ஊராகப் போய்த் துளை போட்டவன். ஆட்களுக்கு ஒன்று என்றால் முதலில் ஓடி நிற்பவன். வெளியே தங்கம். உள்ளே வந்தால் கை நீளும், அவ்வளவுதான். எண்ணூறு அடிக்குக் கீழே பைப் இறங்கிக்கொண்டிருந்தபோது கொக்கி விட்டுப்போய், மேலே தொங்கிய பைப் ஒன்று ஆடி வந்து அவன் முதுகில் அடித்தது. இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று.

அந்தப் புது சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தவள் பரிமளாதான். கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனை. டாக்டர் யாஸ்மின் என்று ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், பொறுமையாகப் பேசுகிறவர்.

"மூளை ஒரு முதலாளி மாதிரிங்க" என்றார் அவர். "போன்னு ஒரு வார்த்தைதான் சொல்லும். எந்தக் காலை முதல்ல எடுக்கணும், முட்டி எப்ப மடங்கணும், படி வந்தா எவ்வளவு தூக்கணும், அத்தனையும் முதுகுத் தண்டுவடமே பாத்துக்குது. லோகநாதனுக்கு அது நடு முதுகுல அறுந்துபோச்சு. அறுந்த இடத்தை நாங்க செல் வளர்த்து ஒட்டிடுவோம். ஆனா அதுக்குக் கீழ இருக்கிற பாகம் ரெண்டு வருஷமா யாரும் பேச்சுக் கொடுக்காம எல்லாத்தையும் மறந்துடுச்சு. அதுக்கு நடக்கக் கத்துக்கொடுக்கணும்."

"யாருங்க கத்துக்குடுக்கறது?" என்றாள் பரிமளா.

"இன்னொரு தண்டுவடம். கூடவே இருக்கிற ஒருத்தரோடது. அவர் நடக்கும்போது தண்டுவடத்துல ஓடற சேதியெல்லாம் பதிவு பண்ணி, அப்படியே இவருக்குள்ள எழுதிடுவோம்."

பரிமளாவுக்குச் சர்க்கரை, முட்டித் தேய்மானம். லோகநாதனுக்குக் கூடப்பிறந்த வேறு ஆள் இல்லை. மோகனா அவன் உயரத்துக்கு இரண்டு விரல்கடைதான் குறைவு. எல்லார் கண்ணும் அவள் மேல் வந்து நின்றது.

"அப்ப என்ற தம்பி பொம்பள நடை நடப்பானாங்க?" என்று பரிமளா சிரித்தாள்.

"கொஞ்சம் சாயல் இருக்கும். அது பெரிசில்லை" என்று சொல்லிவிட்டு டாக்டர் மோகனாவைப் பார்த்தார். "கடைசியா ஒரு கேள்வி. இது எல்லார்கிட்டயும் கேக்கறது. சுடு பாத்திரத்துல கை பட்டா, சுட்டது மூளைக்குத் தெரியறதுக்கு முன்னாடியே கை விலகிடுது இல்லையா? தண்டுவடம் அந்த மாதிரிப் பதறுற பழக்கத்தையும் சேர்த்து வச்சிருக்கும். வீட்ல அடிக்கடி பயப்படற மாதிரி ஏதாவது, அடி, காயம், அப்படி ஏதும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. வேற ஆளைப் பாக்கலாம்."

மோகனா வாயைத் திறப்பதற்குள் பரிமளா முந்திக்கொண்டாள். "எங்க ஊட்டுல அதெல்லாம் ஏதுங்க டாக்டர்? என்ற தம்பி இவளத் தாங்கு தாங்குனு தாங்குவான். சொல்லு அம்மிணி."

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் மோகனா.

வேறென்ன சொல்வாள்? புருஷனைப் பற்றி, அவன் அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத டாக்டரிடம் சொல்கிற வழக்கம் எந்தக் குடும்பத்தில் இருக்கிறது? பெற்ற தாயிடம் சொன்னதற்கே, அனுசரித்துப் போ என்றுதான் பதில் வந்தது. அவன் எழுந்து நின்றால் என்ன ஆகும் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் ஒரு மனிதன், மலம் போனதுகூடத் தெரியாமல் கிடப்பதைத் தினமும் கழுவித் துடைத்துவிட்டு, என் நடையைத் தர மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? கையெழுத்துப் போட்டாள்.

சரியாக ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், முதுகில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டே வீட்டில் நடமாடினாள். குளிக்கும்போது மட்டும் கழற்றலாம். பட்டையின் ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு. நடந்தால் அது மினுங்கும்.

லோகநாதனுக்குக் கால்தான் இல்லை. கை இரண்டும் நன்றாகவே இருந்தன. டீ ஆறிப்போனால் டம்ளர் பறக்கும். டம்ளர் கட்டிலோரச் சுவரில் மோதுவதற்கு முன்பே மோகனாவின் கால்கள் பின்னால் போயிருக்கும். இடது, வலது, இடது. மூன்று எட்டு. முதுகு சுவரில் முட்டும். அவள் யோசித்துச் செய்வதில்லை. மூன்று எட்டுக்கு அப்பால் அவன் கை எட்டாது என்பதை அவள் கால்கள் எப்போதோ கண்டுபிடித்து வைத்திருந்தன. அவன் எழ முடியாது என்று தெரிந்த பிறகும் அவை அதை விடவில்லை. ஒவ்வொரு தடவையும் முதுகில் பச்சை விளக்கு வேகமாக மினுங்கி அடங்கும். அவளுக்கு அது தெரியாது. முதுகில் இருப்பது எப்படித் தெரியும்?

அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதத்தில் அவன் நடந்தான். நடை என்றால் அப்படி ஒரு நடை, துளிச் சத்தம் இல்லை. ஒரு நாள் பரிமளா சமையலறையில் திரும்பியவள் அலறிவிட்டாள்.

"ஏன்டா, பூனையாட்டம் வந்து நிக்கற? ஈரக்குலையே நடுங்கிப்போச்சு!"

அவனும் சிரித்தான். மோகனா சிரிக்கவில்லை. குதிகால் தரையில் படாமல், முன்பாதத்தை மட்டும் ஊன்றி, சுவரை ஒட்டியே வரும் அந்த நடையை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசற்படிக்கு முன்னால் அரை நொடி நின்று, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று காது கொடுத்துவிட்டுத்தான் அது நுழைந்தது.

அவன் வீட்டுக்கு நடந்து வந்த ஒன்பதாம் நாள் காலை. பரிமளா தன் வீட்டுக்குப் போயிருந்தாள். வைகாசியில் ரிக் வேலைக்குத் திரும்பப் போகிறேன் என்று லோகநாதன் ஆரம்பித்தான்.

"இன்னும் ரெண்டு மாசம் போகட்டும்னு டாக்டர் சொன்னாங்களே" என்றாள் மோகனா.

"நீ எனக்குச் சொல்றியா?"

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு என்ன வரும் என்பதும் தெரியும். அவன் எழுந்தான், வலது கையை ஓங்கினான். அவள் கால்கள் பின்னால் போயின. இடது, வலது, இடது.

அவன் கால்களும் போயின. இடது, வலது, இடது.

அட, அதைப் பார்க்க வேண்டுமே! கை அடிக்க வந்தது, கால் தப்பிக்க ஓடியது. ஓங்கிய கை ஓங்கியபடியே இருக்க, அவன் முதுகு ஃப்ரிட்ஜில் மோதி நின்றது. எதிர்ச்சுவரில் அவள். நடுவில் ஆறு எட்டு வெறும் தரை. அவன் முட்டி இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. பிறகு அவன் வேட்டி மெல்ல நனைந்தது. கல்யாணமான முதல் வருடம் அவளுக்கும் ஒரு தடவை அப்படி ஆகியிருந்தது. அதை இந்த உலகத்தில் வேறு யாருக்கும் அவள் சொன்னதில்லை.

"என்னடி பண்ணுன என்னைய?" என்றான். குரல் கிறீச்சிட்டது.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க."

உண்மையைச் சொன்னால் அந்த ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த கணமே கூசிப்போயிற்று. ஏனென்றால் அந்த மூன்று எட்டும் அவளுடையவை. அப்போதெல்லாம் தான் எப்படி இருப்போம் என்று அவள் அதுவரை பார்த்ததே இல்லை. இவ்வளவு கேவலமாகவா இருப்பேன் என்று அழுகை வந்தது.

அதன் பிறகு அவன் அவள் மேல் கை ஓங்கவில்லை. ஓங்க முடியவில்லை என்பதுதான் சரி. ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. சாயங்காலம் ஏழு மணிவாக்கில் தெருவில் ஒரு மோட்டார் பைக் வந்து நின்றால் அவன் கால்கள் அவனைச் சமையலறை மூலைக்குக் கொண்டுபோய்விடும். யாராவது டம்ளரைக் கொஞ்சம் அழுத்தி வைத்தால் போதும். ஆண்குரலில் ஒரு தொண்டைச் செருமல் போதும். ஒரு நாள் அவனே செருமிவிட்டு, அவனே பின்னால் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டான். ரிக் வண்டிகள் நிற்கும் ஷெட்டுக்கு ஆசையாகப் பார்க்கப் போனவன், பைப்பை இறக்கும் சத்தத்தில் பின்வாங்கி டீசல் டிரம் மேல் விழுந்தான். ஆட்கள் சிரித்துவிட்டார்கள். பழைய ஆட்கள், அவன் கை பார்த்து வேலை பழகியவர்கள். முகம் செத்துப்போய் வீடு திரும்பினான்.

சுவருக்கு முதுகு கொடுக்காமல் அவனால் உட்கார முடியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. ஒரு மத்தியானம் அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"மோகனா, அந்த வண்டிச் சத்தம் கேட்டா, உனக்கும்…"

அவள் முறத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். பதினோரு வருடத்தில் அவன் அவளிடம் இப்படி ஒன்று கேட்க வந்ததே இல்லை. அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். பிறகு, "ஒண்ணுமில்ல, உன் வேலையைப் பாரு" என்று எழுந்து போய்விட்டான்.

இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவன், அதற்குமேல் முடியாமல் அக்காவையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போனான். டாக்டர் யாஸ்மின் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினார். மேலே மோகனாவின் பதிவு, கீழே லோகநாதனின் கால்கள் இப்போது செய்வது. இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் துள்ளின.

"நாற்பத்தெட்டு நாள்ல இருநூத்திப் பன்னிரண்டு தடவை இது வந்திருக்கு. நாங்க ஏதோ மெஷின் கோளாறுன்னு விட்டுட்டோம். தப்பு எங்களோடதுதான்" என்றார். பிறகு மோகனாவிடம் கேட்டார். "இது என்னதுங்க?"

"அவ சின்னப் புள்ளயிலிருந்தே பயந்த சுபாவம்ங்க டாக்டர்" என்றாள் பரிமளா.

"நங்கையா, நான் சொல்லிக்கிறேன்" என்றாள் மோகனா. நாத்தனாரை அவள் இடைமறித்துப் பேசியது அதுதான் முதல் தடவை. "அவரு கைய ஓங்குனா வர்றதுங்க அது."

"ஏய்! என்ன பேசற? எந்த ஊட்டுல இல்லாதது?" என்றாள் பரிமளா.

"வண்டிச் சத்தம்?" என்று, லோகநாதன் சொன்னதை எழுதிவைத்திருந்த தாளைப் பார்த்து டாக்டர் கேட்டார்.

"அவரு வேலை முடிஞ்சு வர்ற நேரம்ங்க அது."

"செருமல்?"

"கதவத் தட்டறதுக்கு முன்னால செருமுவாருங்க."

"டம்ளர்?"

மோகனா இடது காதுக்கு மேலே முடியை விலக்கிக் காட்டினாள். தலையில் ஒரு விரல் நீளத்துக்கு முடி முளைக்காத தழும்பு. பரிமளா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லோகநாதன் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தான். "அத மட்டும் வெட்டி எடுத்துருங்க டாக்டர்."

"முடியாதுங்க. நாங்க தனியாப் பிரிச்சுப் பாத்துட்டோம். இவங்க வைக்கிற ஒவ்வொரு எட்டுலயும் அது இருக்கு. குதிகாலை முழுசா ஊனறதே இல்லை, எந்த நேரமும் பின்னால போறதுக்குத் தயாராவே வச்சிருக்காங்க. பயத்தை எடுத்துட்டா நடைன்னு தனியா ஒண்ணும் மிஞ்சலை."

"வேற யாரோட நடையாச்சும் எழுத முடியாதுங்களா?" என்றாள் பரிமளா.

"ஒரு தடவை எழுதினா அவ்வளவுதான். மேல எழுத முடியாது. வேண்டாம்னா ஒட்டின இடத்தை நிறுத்திடலாம். ஆனா நிறுத்தினது நிறுத்தினதுதான், அப்புறம் எந்தக் காலத்துலயும் நடக்க முடியாது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எனக்கு ஏன் இப்படி நெஞ்சு அடைக்குது? கால்தான அவளோடது, மனசு என்னோடது இல்லையா?"

"கால் நடுங்கினா மூளை அதைப் பயம்னுதான் எடுத்துக்கும் லோகநாதன். அதுக்கு வேற விதமாப் புரியாது."

"போகப் போகப் பழகிருமா?"

டாக்டர் மோகனாவைப் பார்த்தார்.

"பழகாதுங்க" என்றாள் அவள்.

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். "ரெண்டு மாசம் ஆச்சு, ஒரு வாய் சோறு நிம்மதியாத் திங்கல. இந்தப் பயத்த வச்சுட்டு ஒரு மனுசன் எப்படி இருக்கறது?"

"பதினோரு வருசம் இருக்கலாங்க" என்றாள் மோகனா.

குத்திக்காட்ட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அவன் இப்போதாவது தன் முகத்தைப் பார்ப்பான் என்று அவள் நினைத்தாள். ஒரு வார்த்தை வேண்டாம், ஒரு பார்வை. அவன் மேஜை மேல் இருந்த படிவத்தைப் பார்த்தான்.

"நிறுத்திருங்க" என்றான். "படுத்துக் கெடந்தப்ப நான் நிம்மதியா இருந்தேன்."

"நானுந்தாங்க" என்றாள் அவள். அது அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மறுவாரம் நிறுத்தினார்கள். பெரிய வேலையில்லை, கால் மணி நேரம். மத்தியானம் வார்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்ததுமே லோகநாதன் தூங்கிவிட்டான். இரண்டு மாதமாகத் தூங்காத தூக்கம். வாய் லேசாகத் திறந்திருந்தது, நெற்றியில் சுருக்கமே இல்லை. போர்வைக்கு அடியில் கால்கள் இரண்டும் யாரோ வைத்துவிட்டுப் போனவை போல் கிடந்தன.

பரிமளா கண்ணைத் துடைத்துக்கொண்டே மருந்துச் சீட்டை நீட்டினாள். "என்னத்தச் செய்ய, நம்ம தலையெழுத்து. நாளைக்குக் கூட்டிட்டுப் போயிரலாம். நீ முன்னால போய் வீட்டக் கூட்டிப் பெருக்கி, கட்டில எடுத்துப் போட்டு வையி. முன்ன மாதிரியே பாத்துக்க அம்மிணி."

மோகனா சீட்டை வாங்கவில்லை. "இனி நீங்க பாத்துக்கோங்க நங்கையா."

"என்னடி சொல்ற? கால் போனவன விட்டுட்டா?"

"கால் குடுத்தேனுங்களே. அவருதான் வேண்டாம்னுட்டாரு."

அந்த நேரம் பார்த்து வராந்தாவில் ஒரு நர்ஸ் கைதவறி எவர்சில்வர் தட்டைப் போட்டாள். சத்தம் வார்டு முழுக்க உருண்டது. போர்வைக்கு அடியில் லோகநாதனின் கால்கள் அசையவில்லை. அவன் தூக்கம்கூடக் கலையவில்லை. மோகனாவின் கால்கள் மட்டும் பின்னால் போயின. இடது, வலது, இடது. முதுகு சுவரில் முட்டியது.

வாசலில் நின்றிருந்த டாக்டர் யாஸ்மின் அதைப் பார்த்துவிட்டார். திரையில் கோடாகப் பார்த்ததை அவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் வந்து அவள் தோளில் கை வைக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, கையை இறக்கிக்கொண்டார்.

"டாக்டர், அவருக்கு நிறுத்துனீங்களே, அதாட்டம் எனக்கும் நிறுத்த முடியுங்களா?" என்று மோகனா கேட்டாள். "நடை போனாலும் பரவால்லீங்க."

"உங்களுக்கு எதுவும் அறுந்து போகலையேம்மா" என்றார் டாக்டர். "அறுந்ததை ஒட்டத்தான் எங்களுக்குத் தெரியும். முழுசா இருக்கிறதுல கை வைக்க வழி இல்லை."

மோகனா தலையை ஆட்டிக்கொண்டாள். கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டு, வராந்தாச் சுவரை ஒட்டியே நடந்து, படியிறங்கிப் போனாள். அவள் போகிற சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.